மூலையில் ஒரு பென்சில் டிக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். எப்போதும் கைப்பழக்கத்தில் எழுதிவிடுகிற வரிதான், இந்த முறை மட்டும் நிறுத்தி, யோசித்து, சந்தோஷமாக எழுதுகிறேன், நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மேலே படிப்பதற்கு முன்னால் இந்தத் தாளின் மூலையைப் பார், பென்சிலில் டிக் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டாய் இல்லையா, இனி நடுவில் என்ன வந்தாலும் பதறாதே, பாதியில் நிறுத்திவிட்டுப் போனைத் தூக்காதே. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அங்கே மூக்கை உறிஞ்சுவாய், நான் இங்கே உறிஞ்சுவேன், சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். அதனால்தான் தையல் மிஷின் மேசையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் காஜா எடுக்க வேண்டியது அப்படியே கிடக்கிறது, கிடக்கட்டும்.

டிக் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். உங்கப்பா பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டி முடித்து, வார்னிஷ் காய்கிற நேரத்தில் ஒரு கதைப் புத்தகம் படித்தார், அதில் கடைசியில் நாய் செத்துப்போகிறது, மனிதர் வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். பம்பு வாங்கிப்போக வந்த ஆள் நம் வீட்டில் என்னவோ ஆகிவிட்டதென்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போக, சாயங்காலத்துக்குள் கும்பலாகத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள், செத்தது நாய், அதுவும் புத்தகத்து நாய் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான், வீட்டுக்கு வருகிற புத்தகத்தை முதலில் நான் முழுசாகப் படிப்பது, யாரும் சாகாமல் முடிந்தால் முதல் பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு டிக் போடுவது. டிக் இருந்தால் அவர் படிக்கலாம், இல்லாவிட்டால் தொடக் கூடாது. நூலகத்துப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று நூலகக்காரம்மா ஆரம்பத்தில் என்னோடு மல்லுக்கு நின்றார், இப்போது நான் ரப்பரை எடுத்தால் கையைப் பிடிக்கிறார், “அழிச்சுடாதீங்கம்மா, டிக் போட்ட புத்தகம் இருக்கான்னு நாலு பேரு கேட்டு வர்றாங்க” என்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், டிக்கை இன்னொரு தடவை பார்த்துக்கொள். போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. முதலில் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மறுநாளும் இருந்தது, அப்பாவிடம் சொன்னேன், பட்டறையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், வா, போ, இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வா என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் இழுத்துவிட்டது. பயந்துகொண்டேதான் இருந்தேன் பாப்பா, பொய் சொல்லமாட்டேன். உனக்குச் சொல்லலாம் என்றேன், அப்பா கேட்கவில்லை, “அவ அங்க தனியா இருக்கா, சாப்பிடமாட்டா, தூங்கமாட்டா, முடிவு தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்று பிடிவாதமாக நின்றார், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அந்த மாதம் எனக்கு நூலகம் வரை நடக்கவும் மனம் இல்லை. அப்பாவே பட்டறையிலிருந்து நேராகப் போய்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். முதலில் வந்தது ஒரு துப்பறியும் நாவல், ஒரு பெரிய ஹோட்டலின் மாடியிலிருந்து பியானோ காணாமல் போகிறது, முழுப் பியானோ! மேனேஜர்தான் ஆள் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன், சும்மா சும்மா கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறவனை நம்பலாமா, ஆனால் எப்படிக் கீழே இறக்கினான் என்பதுதான் பிடிபடவில்லை. துண்டு துண்டாகக் கழற்றிச் சலவை மூட்டைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான் கல்லுளிமங்கன். இத்தனை வருடம் துணி மூட்டை தூக்கினவள், மூட்டை கனக்கிறது என்று கதையில் ஒரு சலவைக்காரி சொன்ன இடத்திலேயே நான் பிடித்திருக்க வேண்டும், கோட்டைவிட்டேன். அடுத்தது கடலுக்கு அடியில் இருக்கிற உயிர்களைப் பற்றி ஒரு விஞ்ஞானப் புத்தகம், ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம், நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடுமாம், அதனால்தான் அது நீந்துவதைவிட ஊர்ந்து போகத்தான் விரும்புமாம். எனக்கு அதன்மேல் ஒரே பிரியம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதெல்லாம் அவசரமே இல்லாமல் ஊர்ந்துதான் ஏறினேன். அப்புறம் ஒரு கலங்கரை விளக்கத்துக் காவலாளி எழுதின வாழ்க்கைக் கதை. காற்று அடித்தது, விளக்கைத் துடைத்தேன், மழை பெய்தது, விளக்கைத் துடைத்தேன், இவ்வளவுதான் புத்தகம். வேறு நாளாயிருந்தால் பத்துப் பக்கத்தில் தூக்கிப் போட்டிருப்பேன், இப்போது ஒரு வரி விடாமல் படித்தேன், ஒன்றுமே நடக்காமல் ஒரு நாள் போவது எவ்வளவு நல்லது என்று அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கவிதைத் தொகுப்பும் வந்தது, பாதி புரியவில்லை, புரிந்த பாதியில் ஜன்னலைத் துடைப்பது பற்றி ஒன்று இருந்தது, அதை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து போய் நம் ஜன்னலைத் துடைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எல்லாப் புத்தகத்தின் மூலையிலும் டிக் இருந்தது, என்னுடையது இல்லை. தடித் தடியாக, மோட்டார் மூடிமேல் குறி போடுவாரே, அந்தப் பட்டறைப் பென்சிலால் போட்டது, பக்கத்திலேயே வார்னிஷ் கறை வேறு. எனக்குப் புரிந்துவிட்டது. முடிவு என்றாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர், நூலகத்து அலமாரி முன்னால் நின்றுகொண்டு எனக்காக ஒவ்வொரு முடிவாகப் பார்த்திருக்கிறார். நூலகக்காரம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார், “ஒரு அலமாரி முழுக்கக் கடைசிப் பக்கமா படிச்சுட்டாரும்மா உங்க வீட்டுக்காரர், இதுல யாரும் சாகமாட்டாங்களே, நிச்சயமான்னு என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்துட்டார்” என்று. கவிதைப் புத்தகத்தில் மட்டும் டிக்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார், பாவம், முடிவு நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

கடைசியாக வந்தது ஒரு குண்டு நாவல். ரொட்டிக்கடை நடத்துகிற ஒரு அம்மா, மூன்று பெண்கள். அப்பா பார்த்த கடைசிப் பக்கத்தில் மூன்று பெண்களும் மொட்டைமாடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள், மனிதர் நிம்மதியாக டிக் போட்டுவிட்டார். அந்தச் சிரிப்பில் அம்மா ஏன் இல்லை என்று அவர் யோசிக்கவே இல்லை! நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து, டீ ஆறிப்போவது கூடத் தெரியாமல் படித்துக்கொண்டே போகிறேன், நடுப்புத்தகத்தில் அந்த அம்மாவுக்குக் கட்டி வருகிறது, அதே இடத்தில், அவள் போய்ச் சேர்ந்தும் விடுகிறாள். புத்தகத்தை மூடி அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டேன். முதலில் அழுகை, அப்புறம் இந்த மனுஷனுக்கு டிக் போடத் தெரிந்த லட்சணத்தைப் பாரேன் என்று தாங்க முடியாத சிரிப்பு, அழுதுகொண்டே சிரித்தேன், யாராவது பார்த்திருந்தால் எனக்கு வேறு ஆஸ்பத்திரி பார்த்திருப்பார்கள். மறுநாள் நானே முக்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன், எப்படியோ அந்தப் பெண்கள் மாடியில் சிரிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்களே, எப்படி என்று தெரிய வேண்டும்போல் இருந்தது. மாவு பிசைவதற்கு ஒரு முழு அத்தியாயம் கொஞ்சம் அதிகம்தான், மற்றபடி எழுதினவளுக்குக் கை வந்திருக்கிறது. அந்த அம்மா தூரத்தில் வேலை பார்க்கிற கடைசிப் பெண்ணுக்கு மட்டும் எதையும் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவள் பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் அக்காவிடம் கத்துகிறாள், நீ வந்து என்ன செய்திருப்பாய் என்று அக்கா கேட்கிறாள். “ஒண்ணும் செஞ்சிருக்கமாட்டேன், கூட உட்கார்ந்திருப்பேன்” என்கிறாள். எனக்கு அங்கே உன் முகம்தான் தெரிந்தது. முடிவு எதுவாக இருந்தாலும் அது வந்த அன்றைக்கே உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன், அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை.

இன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேரைக் கூப்பிட்டார்கள், எனக்கு அந்த நீள நடையில் போட்டிருக்கிற பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. இந்த வீட்டில் எல்லா முடிவையும் முதலில் பார்க்கிறவள் நான்தானே, இன்றைக்கு மட்டும், “நீங்க முதல்ல போய்ப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனார். கதவு திறந்து வெளியே வரும்போது முகமெல்லாம் கண்ணீர், மூக்கு சிவந்து உதடு துடிக்கிறது, எனக்கு உயிர் போய்விட்டது. முடிவு நன்றாக இருந்தாலும் அழுகிற ஆள் இவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றும்? என்ன, என்ன என்கிறேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் தடிப் பென்சிலை எடுத்தார், என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் அழுத்தி ஒரு டிக் போட்டார். பென்சில் தோலில் எழுதுமா, வலித்தது, ஆனாலும் விடாமல் மேலும் மேலும் இழுத்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா பின்னாலேயே வந்து, “வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா, பயப்படுற மாதிரி ஒண்ணுமே இல்ல, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று பாப்பா. வருகிற வழியில் நடைபாதையில் நின்று ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம், மனிதர் கடைக்காரரிடம் போய் “என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் இல்லைங்க” என்று சொல்கிறார், அவர் திருதிருவென்று விழிக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பா அந்தக் குண்டு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டார், நானே டிக் போட்டதுதானே, நானே படிக்கிறேன் என்றார். கடைசிப் பக்கம் மட்டும் பார்த்து டிக் போடுவது டிக்கே இல்லை, நடுவில் கொஞ்சம் கஷ்டம் இருக்கிறது என்றேன். “எவ்வளவு கஷ்டம்?” என்று கேட்டார். “நம்ம இந்த மாசம் பட்ட அளவுக்கு” என்றேன். கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டே நின்றார், “அப்போ படிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து பக்கத்து அறையில்தான் இருக்கிறார், இதை எழுதும்போது மூக்கு சிந்துகிற சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். போய்த் தேற்றவில்லை, அந்தப் பெண்கள் சிரிக்கிற மாடிக்கு அவரே வந்து சேரட்டும்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஒரு மாதம் மறைத்துவிட்டோம், திட்ட வேண்டுமானால் அப்பாவையும் சேர்த்துத் திட்டு, நான் மட்டும் வாங்கிக்கொள்ளமாட்டேன். ஆனால் உன்னையும் ஒன்று கேட்க வேண்டும். நீ போன் செய்யும்போதெல்லாம் எடுத்தவுடனே “நல்லா இருக்கேன்மா” என்கிறாய், ஒவ்வொரு தடவையும் ஒரே ராகத்தில். போன வாரம் குரல் கம்மியிருந்தது, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய், நான் நம்பினமாதிரி வைத்துவிட்டேன். நாங்கள் உனக்கு நல்ல முடிவு மட்டும் அனுப்ப நினைத்தோம், நீயும் எங்களுக்கு அதையேதான் செய்துகொண்டிருக்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, பழைய பவரிலேயே படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நீயும் வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டு, இதைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு, எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பதில் எழுது, மறக்காதே. மூலையில் டிக் போட முடிந்தால் போடு, முடியாவிட்டால் போடாமலே அனுப்பு, அம்மா படிப்பேன்.

உன் அன்பு
அம்மா