மாப்பிள்ளை பிடுங்கிய பல்

மார்ச் 3

இன்று எழுதப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

என் தங்கையின் கணவர் பல் டாக்டர். அவரைப் பற்றிப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் இணையப் பக்கத்தில் ஒரு புளுகு மூட்டையை அவிழ்த்தேன். மாப்பிள்ளை என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். பல் ஜன்னலைத் தாண்டிப் பறந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஓட்டை போட்டது. கடைசியில் பார்த்தால் அது தப்பான பல்! மேலே பூசணிக்காய்க் கன்னத்தோடு என் படம். அவர் பெயரைத் தேடினால் பத்து முடிவுகளில் ஒன்பதாவதாக வரும். படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அவரிடமே போய் வாயைத் திறந்தார்கள்.

மார்ச் 11

இப்போது யாரும் இணையத்தில் தேடுவதில்லை, போனிலிருக்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்கிறார்கள். பட்டியல் ஒழிந்தது, ஒரே பதில்தான். தங்கை போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, அவர் பெயரைச் சொல்லி, நல்ல டாக்டரா என்று கேட்டாள். அது நீதிபதி தோரணையில் சொன்னது: “அனுபவமுள்ளவர். ஆனால் ஒருமுறை தவறான பல்லைப் பிடுங்கியதாக அவருடைய உறவினர் குறிப்பிட்டுள்ளார்.”

கயிறு எங்கே? தொட்டி எங்கே? என் பூசணிக்காய் எங்கே?

“உன் வாய் சும்மாவே இருக்காதாண்ணா? இந்த வாரம் மட்டும் ஆறு பேர் வரலைன்னுட்டாங்க.”

மார்ச் 12

பக்கத்தை அழித்தேன்.

மார்ச் 20

அழித்தும் சொல்கிறது. என்றைக்கோ படித்து விழுங்கிவிட்டதாம். ‘அது முழுப் புளுகு, எழுதியவன் அண்டப்புளுகன்’ என்று புதிதாக எழுதிப் போட்டேன். என்னே என் ராஜதந்திரம்!

ஏப்ரல் 2

“...உறவினர் பின்னர் இதை மறுத்துள்ளார்” என்று சேர்த்துக்கொண்டுவிட்டது. மறுத்தான் என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே தோன்றும்? நானாக இருந்தாலும் வேறு டாக்டரைத்தான் பார்ப்பேன்.

ஏப்ரல் 15

மாப்பிள்ளையின் கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் ஒன்பது நாற்காலி, ஒரே ஆள் — நான். அவர் சுத்தமாக இருந்த கருவிகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இயந்திரத்தைக் கூண்டில் ஏற்றுவோம், மூன்று நாள் இடைவிடாமல் சாட்சி சொல்கிறேன் என்று முழங்கினேன். அவர் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு எனக்கு ஒரு வாக்கு குடுத்தீங்களே, மச்சான்.”

அவ்வளவுதான் சொன்னார். மூன்று நாள் சாட்சியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூன் 8

மாப்பிள்ளை பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார். நகரின் மறுகோடியில், வேறொருவர் கிளினிக்கில் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார். தங்கை என் போனை எடுப்பதில்லை.

இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். கயிறு பொய். தொட்டி பொய். தப்பான பல்லைப் பிடுங்கியது மட்டும் நிஜம். அவர் டாக்டரான முதல் மாதம் அது. என் வாயிலிருந்து கையை எடுத்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன். பிற்பாடு, இத்தனை பொய்க்கு நடுவே அந்த ஒரு நிஜத்தைப் போட்டால் எவன் பிரித்தெடுக்கப்போகிறான் என்று நினைத்துவிட்டேன்.