நேர் எதிரே பள்ளத்தாக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட வேண்டும், அந்தக் குளிரில் காதை மூடாமல் வெளியே போகக் கூடாது. போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி எழுதும் வேலை என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சு பேசி முடிப்பதற்குள் நீ ஒன்பது பேசிவிடுகிறாய், அப்புறம் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அப்பா நடுவில் வந்து "போதும், வை" என்று கையை நீட்டுகிறார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். முழுக்கப் படி, படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் குதி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். மழை விட்டதும், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை, நானும் அப்பாவும் நம் காரில் மலைக்குக் கிளம்புகிறோம். நான்தான் ஓட்டுகிறேன். மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து அடிவாரத்துக்குப் போய் அன்றைக்கு ராத்திரி அங்கே தங்கி, வெள்ளிக்கிழமை காலையில் ஏறி, உச்சியைத் தாண்டி, பள்ளத்தாக்குக்குள் இறங்கப் போகிறோம். மறுநாள் எல்லோரும் போகிற ரோட்டில் வீடு வந்து சேர்ந்துவிடுவோம். இதில் மாற்றம் கிடையாது. நீ பார்த்து வைத்த, டிரைவரோடு வரும் வண்டியும் வேண்டாம், மாப்பிள்ளை பார்த்து வைத்த டூர் பஸ்ஸும் வேண்டாம், அடுத்த வருஷம் லீவில் வந்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாயே, அது வேண்டவே வேண்டாம்.

ஏன் என்றால், பாப்பா, அப்பாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்கட்டும் என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம். அது புரை இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. ஓரப் பார்வை போய்விட்டது, நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது, குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார். கைக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டி விடுகிறார், தினமும் கதவில் தோளை இடித்துக்கொண்டு கதவைத் திட்டுகிறார். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு முடிந்த வரைக்கும் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர். "அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குமா டாக்டர்" என்று நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "பாக்கணும்னு நினைக்கிறது எதையும் தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது அப்பா வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு, "பாப்பாவுக்குச் சொல்லாத" என்பதுதான். இப்போது அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, ஆனா ஒப்பாரி வைக்காம எழுது" என்றார். நான் வைக்கவில்லை, நீயும் வைக்காதே.

அன்றைக்கே அவரிடம் கேட்டேன், என்ன பார்க்கணும் சொல்லுங்க, கடலா, பெரிய ஊரா, பாப்பா வீடா, என்னவானாலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று. சின்னப் பிள்ளை மாதிரி, "அந்த மலைக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும்" என்றார். உனக்குத் தெரியும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் அப்பா பார்சல் வேன் ஓட்டியது அடிவாரம் வரைக்கும்தான். மலை மேல் போகிற சரக்கை அங்கே நிற்கும் மலை வண்டிக்கு மாற்றிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியைத் திருப்ப வேண்டும், அதுதான் கம்பெனி முறை. மெத்தை, கண்ணாடி, மருந்து, கல்யாணப் பரிசு, என்னென்னவோ இவர் கையால் அந்தப் பள்ளத்தாக்குக்குள் போயிருக்கிறது, இவர் மட்டும் போனதில்லை. லீவு எடுத்துப் போயிருக்கலாமே என்றால், அதற்குக் குறுக்கே நின்றது என் வயிறு. மலை ரோட்டில் ரெண்டு வளைவு திரும்பினால் போதும், எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அம்மாவுக்கு மலை ஒத்துக்காது என்று சொல்லிச் சொல்லியே இந்த வீட்டில் எல்லா லீவும் சமதரையில் கழிந்தது.

உன் சித்தப்பா நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கண் விஷயம் தெரிந்ததும் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து, முதலில் பக்கத்து ஏரி மலைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒத்திகையாம். அப்பா முன் சீட்டில், நான் பின் சீட்டில் பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டு. ரோடு முழுக்கச் சித்தப்பா "அண்ணே இங்க பாருங்க, அண்ணே அங்க பாருங்க" என்று கையை நீட்டிக்கொண்டே வருகிறார், அப்பா கழுத்தைத் திருப்பித் தேடிப் பிடிப்பதற்குள் ஏரி போய்ப் பாறை வந்துவிடுகிறது. "ஆமாமா, நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று தலையாட்டினார். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், தம்பி மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார். பின் சீட்டில் குனிந்துகொண்டே அழுதேன், வாந்தி என்று நினைத்து ரெண்டு பேரும் விட்டுவிட்டார்கள். திரும்பும்போது ஒரு இடத்தில் ரோடு நேராக ஏரியைப் பார்த்து இறங்கியது. அங்கே அப்பா "அடேயப்பா" என்றார். யாரும் பார் என்று சொல்லாமலே அவர் வாயிலிருந்து வந்த "அடேயப்பா". மடையர்கள் நாம், பாப்பா. கண் நன்றாக இருக்கிறவர்கள் ஜன்னலில் பார்க்கிற மாதிரியே அவருக்கும் திட்டம் போட்டிருக்கிறோம்.

அதிலிருந்துதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. நீ சொல்லிக்கொடுத்தாயே, போனில் மேப்பைத் திறந்து ரோட்டைப் படமாகவே பார்ப்பது, அதில் விரலை வைத்து அந்த மலை ரோடு முழுக்க நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். நம் பக்கத்திலிருந்து ஏறினால் பள்ளத்தாக்கு எப்போதும் பக்கவாட்டில்தான், இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால். அந்தப் பக்கமாக ஏறினால் வெறும் காடு, பார்க்க ஒன்றும் கிடையாது, ஆனால் உச்சியைத் தாண்டின உடனே ரோடு பள்ளத்தாக்கைப் பார்த்தே இறங்குகிறது, முன் கண்ணாடி பூராவும் அதுதான். பள்ளத்தாக்கில் நாங்கள் தங்கப் போகிற விடுதியை நடத்துகிற அம்மாவுக்குப் போன் போட்டு, அப்படித்தானா என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு அந்த வழியா வந்துதான் இந்த ஊரே பிடிச்சுப் போய் இங்க இடம் வாங்கினாரு" என்றார். இறக்கம் அதிகம், கொண்டை ஊசி வளைவுகள் அதிகம், அதுவும் சொன்னார், நான் மறைக்கவில்லை. டிரைவரோடு வண்டி என்றாயே, அந்த வண்டிக்காரரையும் கேட்டேன். "அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லம்மா, யாரும் போறதில்ல, சும்மா சுத்து" என்றார். நினைத்த இடத்தில் நிறுத்துவீர்களா என்றால் இடம் பார்த்துத்தான் நிறுத்துவாராம். அது மட்டுமில்லை, அவர் ஓட்டினால் அப்பா முன்னால், நான் மறுபடி பின்னால் பையோடு. எனக்கும் பார்க்க வேண்டாமா?

ஸ்டீயரிங் என் கையில் இருந்தால் எனக்கு வாந்தி வருவதில்லை. இதை நான் கண்டுபிடித்ததே டிரைவிங் கற்றுக்கொண்ட பிறகுதான், இத்தனை வருஷம் மலை என்னை ஏமாற்றிவிட்டது. இந்த வயசில் எதுக்கு என்று எல்லோரும் சிரித்தார்கள், நீ கூடச் சிரித்தாய். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரை விசில் மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், பயம் வந்தால் அவருக்குத் தன்னால் விசில் வந்துவிடும். முதல் வாரம் ஒரு பாட்டுக் கச்சேரியே நடந்தது. இப்போது குடிநீர் ஆபீஸ் தொட்டி இருக்கிறதே, அந்த மேட்டில் ஏற்றி, நடுவில் நிறுத்தி, பின்னால் ஒரு அடி உருளாமல் எடுக்கிறேன், அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதே ஆபீஸில் புகார் ஜன்னலில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்று காலி பக்கெட்டை மேஜையில் போட்டு அடித்தவர்களையெல்லாம் சமாளித்தவள் நான். ஒரு மலை இறக்கத்துக்கு மிரள்வேனா.

ஆனால் நீ செய்தாய் பார் ஒரு காரியம், அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தார், டீ குடித்தார், தேனொழுகப் பேசினார், போனார். அப்புறம் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஆணியில் கார் சாவியைக் காணோம். போன் போட்டால், "பாப்பாதான் வாங்கி வைக்கச் சொன்னா அண்ணி, உங்க நல்லதுக்குத்தான்" என்று இழுக்கிறார். என் வீட்டு ஆணியிலிருந்து என் சாவி! நான் பெற்றவளும் என் கொழுந்தனாரும் சேர்ந்து போட்ட திட்டம்! போனில் நான் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருக்கிறேன், அது வரைக்கும் "பாப்பா பயப்படறா, விட்ரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், உன் அப்பா, எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் தடவித் தடவி எதையோ உருட்டும் சத்தம். சவரப் பெட்டியோடு வந்தார், அதற்குள்ளிருந்து இன்னொரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அத அவனே வச்சுக்கட்டும். ரெண்டாவது சாவி இல்லாதவன் என்ன டிரைவர்? வண்டிய எடு, தொட்டி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன இது என்றேன். "கீழ விட்டா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வருவேன், பழக்க தோஷம்" என்றார். அப்படியே உட்கார்ந்துதான் எனக்கு இறக்கத்தில் கியர் போடச் சொல்லிக்கொடுத்தார், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு, பிரேக்கை நம்பாதே, அவசரக்காரன் வந்தால் ஒதுங்கி வழி விடு என்று. வேலையை விட்ட பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. இந்த முறை சாவியை எடுத்து நீட்டியவர் அவர்தான், பாப்பா, அதனால் சித்தப்பாவிடம் இருக்கும் சாவியைப் பற்றி நீ இனிமேல் கவலைப்பட வேண்டாம்.

மெக்கானிக் பிரேக்கைப் பிரித்துப் பார்த்துப் புதுசு போட்டாயிற்று, டயரும் மாற்றியாயிற்று, ஸ்டெப்னிக்கும் காற்று அடித்தாயிற்று. இருட்டினால் அப்பாவுக்குச் சுத்தமாகத் தெரியாது என்பதால் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் வண்டி நகரும். விடுதியில் படி ஏறத் தேவையில்லாத ரூம் சொல்லியிருக்கிறேன். சொட்டு மருந்து குளிர்ச்சியில் வைக்க வேண்டும், அதற்கு ஐஸ் பெட்டி வாங்கியாயிற்று. மூடுபனி இறங்கினால் அன்றைக்கு ஏற மாட்டேன், அடிவாரத்திலேயே இன்னொரு நாள் உட்கார்ந்திருப்பேன், எனக்கு வீம்பு உண்டு, புத்தியும் உண்டு. பயமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அவர் இந்த வீட்டுக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்து, பத்திரமாகக் கண் போய், அப்புறம் அந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பாரே, அதை நினைத்தால் வருகிற பயம் இதைவிடப் பெரிசு. உன் பயத்துக்காக நான் அவரை அடைத்து வைக்க மாட்டேன். என் பயத்துக்காகவும் மாட்டேன்.

நீ மட்டும் அங்கே ஒழுங்காக இரு. ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து கண் வியாதி பற்றிப் படித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, டாக்டர் நம்பர் அனுப்புகிறேன், நேராக அவரிடமே பேசு. இது அப்பா வழியில் வருகிற வியாதியாம், நீயும் ஒரு தரம் கண்ணைக் காட்டிக்கொண்டு வா, நாளைக்கு நாளைக்கு என்று இழுக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், டூர் பஸ்ஸுக்காக நான் கோபப்படவில்லை என்று, அவர் நல்ல மனசோடுதான் பார்த்தார்.

கோபமெல்லாம் ஆறினதும், நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று உனக்கு உள்ளுக்குள் வலிக்கும், எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் நீ வா. இதே வண்டி, இதே வழி, அப்போதும் நான்தான் ஓட்டுவேன். அன்றைக்கு அப்பாவுக்கு எவ்வளவு தெரியுமோ, ஒன்றுமே தெரியாதோ, எப்படி இருந்தாலும் முன் சீட் அவருக்குத்தான். நீ பின்னால் உட்கார்ந்துகொள். உச்சியைத் தாண்டியதும் எந்த வளைவில் என்ன வரும் என்று அவர் உனக்குச் சொல்லிக்கொண்டே வருவார். அதற்காகத்தான் இப்போதே போகிறோம்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை பகலில் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன், இறங்கி முடித்ததும் அப்பாவே கூப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா