மிர்சினியின் மூச்சு

ஏதென்ஸ்
12 பிப்ரவரி 1996

என் ஸராந்திக்கு,

உன் கப்பல் சாண்டோஸ் துறைமுகத்துக்கு வந்ததும் இது உன் கைக்குக் கிடைக்கும் என்று ஏஜெண்ட் ஆபீஸில் சொன்னார்கள். எஞ்சின் அறைச் சூட்டில் நீ இன்னும் கருத்திருப்பாய். நம் கியோஸ் தீவிலிருந்து வந்த படகில் மிர்சினி உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். ஆறு வயதில் படுத்துத் தூங்க முடியாத பிள்ளை. பிறவி நோய் அவள் நாக்கையும் தொண்டையையும் தடிக்க வைத்துக்கொண்டே போகிறது. டான்சில் சதையை எடுத்தால் மூச்சுக்கு வழி பிறக்கும். எடுக்க மயக்கம் கொடுக்க வேண்டும். மயங்கினால் தொண்டை மூடிக்கொள்ளும்.

இங்கே அஸ்பாசியா என்று ஒரு மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார். நாம் சேர்த்து வைத்த ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, மதியம் முழுக்க மிர்சினி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் சாய்கிறாள், தாடையை எப்படி நீட்டினால் சத்தம் குறைகிறது என்று பார்த்தார். இத்தனை டாக்டர்களில் ஒருவருக்காவது இது தோன்றியதா? அந்த அம்மாவைக் கும்பிடலாம் போலிருந்தது. உன் சம்மதத்தை எழுது.

உன் முத்தத்துக்கு ஏங்கும்
எவாந்தியா


சாண்டோஸ்
3 மார்ச் 1996

எவாந்தியா,

சம்மதம் இல்லை. போன வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனபோது நீ வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தாய். கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். மூச்சுக்கான குழாய் தொண்டைக்குள் போகவில்லை என்று தெரிந்தும், மயக்கம் கொடுத்த அந்த ஆள் விடாமல் குத்திக்கொண்டே இருந்தான். பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. எப்படியோ பிழைத்தாள். அவள் காலமெல்லாம் உட்கார்ந்தே தூங்கட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

உன் டாக்டரும் நன்றாகத்தான் பேசுவார். என் பேச்சை மீறிச் செய்து ஏதாவது ஆனால், அதன் பிறகு என்னை அந்த வீட்டில் தேடாதே.

ஸராந்திஸ்


ஏதென்ஸ்
27 மார்ச் 1996

ஸராந்தி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுதுவிட்டு நாள் குறித்தேன். இந்த மாதம் அவள் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நேரம் கூடிவிட்டது. பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான்.

இன்றுதான் ஆபரேஷன். நடக்கவில்லை. காரணம் நான்தான், திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக் கோயிலில் பாதிரியார் அவளுக்கு நற்கருணை கொடுத்தார். கரண்டியில் திராட்சை ரசமும் அப்பமும். பிறகு ஆசீர்வதித்த ரொட்டியில் ஒரு பெரிய துண்டு. நம் ஊரில் யார்தான் அது இல்லாமல் கத்திக்குப் போவார்கள்? பிள்ளை ஏதாவது சாப்பிட்டாளா என்று நர்ஸ் கேட்டாள். ஒன்றுமே இல்லை என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவேயில்லை.

எல்லாம் தயார். குழாய் போகாவிட்டால் கழுத்தில் வழி திறக்க ஒரு சர்ஜன் கையுறையோடு நின்றார். கடைசியாக ஒரு முறை வாயைப் பார்க்கக் குனிந்த அஸ்பாசியாவுக்குத் திராட்சை ரச வாசனை வந்துவிட்டது. என்னிடம் மெதுவாகக் கேட்டார், சொன்னேன். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால், இவ்வளவு குறுகிய தொண்டையில் காப்பாற்ற முடியாதாம். பெரிய சர்ஜன் கத்தினார், ஒரு துண்டு ரொட்டிக்காகவா இத்தனை பேர் காத்திருப்பது என்று. இந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "இன்னைக்கு வேணாம் சார். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அது சாப்பாடு இல்ல எவாந்தியா. ஆனா அவ வயித்துக்கு அது தெரியாதே."

ஒரு வார்த்தை திட்டவில்லை. ஈஸ்டர் முடிந்து மறுபடி நாள் கொடுத்திருக்கிறார். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன்.

எவாந்தியா


டர்பன்
14 ஏப்ரல் 1996

என் எவாந்தியா,

இன்று ஈஸ்டர். வழக்கம்போல் கப்பலில் எல்லோரும் பண்டிகைச் சிவப்பு முட்டை உடைத்தோம், எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இருபது வருஷமாக எஞ்சின் ஓட்டுகிறேன். மேலே கேப்டன் கத்தும்போது, சத்தம் சரியில்லை என்று எஞ்சினை நிறுத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர். அன்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஆளுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தால் நம் பிள்ளை நீலமாகியிருக்க மாட்டாள். பிள்ளையை உன் டாக்டரிடம் தைரியமாகக் கொடு. என் சம்மதம், முழு மனதோடு.

வீட்டைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லீவு கிடைத்துவிட்டது, பிரேயஸ் துறைமுகத்தில் இறங்குகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேர்வேனா தெரியவில்லை. எனக்காகக் காத்திருக்காதே.

உன் ஸராந்திஸ்


ஏதென்ஸ்
29 ஏப்ரல் 1996

ஸராந்தி,

பிரேயஸ் ஏஜெண்டிடம் இதைக் கொடுத்து வைக்கிறேன். கப்பலை விட்டு இறங்கியதும் படி.

முடிந்துவிட்டது. மிர்சினியை என் மடியில் உட்கார வைத்தே அஸ்பாசியா மயக்கக் காற்றைக் கொடுத்தார், அவள் தூங்கும்போது சாயும் அதே பக்கம் சாய்த்து. மூச்சை அவளிடமிருந்து பறிக்கவே இல்லை, குழாய் இறங்கும் வரை அவளே விட்டுக்கொண்டிருந்தாளாம். பிறகு என்னை வெளியே அனுப்பினார். கேமரா வைத்த மெல்லிய கம்பியை மூக்கு வழியாக விட்டு, வழி தெரிந்த பிறகுதான் அதன் மேலாகக் குழாயை இறக்கினாராம். ஒரே தடவை. கத்திய அந்தப் பெரிய சர்ஜன் வெளியே வந்து, இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார். அஸ்பாசியாவிடம் அதைச் சொன்னேன். "அவரு அப்படித்தான்மா, பசி வந்தா கத்துவாரு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நோய் போகாது. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இன்னும் எத்தனை முறை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்குமோ. ஆனால் இது நடந்தது.

மூன்றாம் மாடி, கடைசி அறை. கதவைத் தட்டாமல் வா. நம் மகள் மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள்.

எவாந்தியா