கறுப்பாகிப்போன சிவப்பு மை

என் ஆசை வேணி,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அழுதுகொண்டே எழுத வேண்டிய கடிதம் இது. எனக்கு வருவதோ கோபம். அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

உன் தங்கை கயல் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தோற்றுவிட்டாள். பிரான்சுக்கு நர்சிங் படிக்கப் போக அது வேண்டும். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு 'இல் பார்ல்' என்று நிறுத்தாமல், 'இல் பார்-லெண்ட்' என்று கடைசி எழுத்துவரை சொல்லியிருக்கிறாள். எல்லா வினைச்சொல்லையும் அப்படித்தான். தேர்வு வைத்த அம்மாள் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டாராம். இனி ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.

எதைப் பார்த்துப் படித்தாள் தெரியுமா? உன் நோட்டைப் பார்த்து.

நீ ஒவ்வொரு சொல்லையும் நீலத்தில் எழுதி, கோடு போட்டு அசை அசையாக வெட்டுவாய். எழுத்தில் இருந்தும் வாயில் வராததைச் சிவப்பு மையில் எழுதுவாய். "மீன் வால் மாதிரிதாங்க. தட்டுல கெடக்கும், யாரும் திங்க மாட்டாங்க" என்று பிரெஞ்சு வகுப்பெடுக்கும்போது சொல்வாயே. மீன்பிடிக்கிற கருக்களாச்சேரிக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த டியூஷன் சென்டர் முதலாளி, "புள்ளைங்களுக்கு ஒதவும், குடும்மா" என்றார். உன் தோழி என்ற உரிமையில் நான்தான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னை என்ன செய்தால் தகும்? அவர் அதைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்து, அட்டையில் தன் போட்டோவைப் போட்டுப் புத்தகமாக்கிவிட்டார். உன் பெயர் எங்கேயும் இல்லை. சிவப்பெல்லாம் கறுப்பு. கயல் படித்தது அதைத்தான்.

உன்மேலும் கோபம்தான். சிவப்பு எதற்கென்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கக் கை வலித்ததா? மூன்று நாள் காய்ச்சலோடு வகுப்பெடுக்கப் போனாயே, யாருக்காகடி?

நேற்று காலை கயலை இழுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன்.

"புக்குல என்னம்மா தப்பு? கடற்கரப் புள்ள, நாக்கு திரும்பல. அவ்வளவுதான்" என்றார் முதலாளி. கயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் புத்தகத்தை அவர்முன் விரித்துப் போட்டேன். "இவங்க அக்கா நாக்குலதாங்க உங்க சென்டரே ஓடுச்சு. எங்க, இந்த வரிய நீங்க வாசிங்க பார்ப்போம்!"

பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இல் பார்-லெண்ட்."

அவர் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து உன் நோட்டை நானே எடுத்தேன். கயல் வாங்கிப் புரட்டினாள். நீ எழுதிய நோட்டையே அவள் கண்டது நேற்றுதான்.

"ஏங்க்கா இதெல்லாம் செவப்பா இருக்கு?"

சொன்னேன். வால் கதையையும் சொன்னேன். சிவப்பின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, மெல்ல, "இல் பார்ல்" என்றாள். அப்படியே உன் குரல், வேணி. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று பக்கம் முடியும்வரை நிறுத்தவில்லை. முதலாளி எப்போது எழுந்து வெளியே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

பிறகு கயல் சிவப்புப் பேனா கேட்டு வாங்கி, அங்கிருந்த பிள்ளைகளின் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அட்டையில் உன் பெயரை எழுதப் போனபோது மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினேன். நீலப் பேனாவைக் கொடுத்தேன்.

அது வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பெயர்.

அவளை மறுபடி தேர்வில் உட்கார வைக்காமல் ஓயமாட்டேன். உன் நோட்டு இனி யார் கேட்டாலும் என் கையைவிட்டுப் போகாது.

கயலுக்கு இனி அக்காவாக இருக்கப்போகிறவள்,
குரும்பகரம் சுதா