கண்ணாடிக்குக் காட்டிய உள்ளங்கால்

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலையில் அம்மா அவித்த நெல்லை அண்டாவோடு கொண்டுவந்து முற்றத்துப் பாயில் கவிழ்த்தாள். ஆவியோடு அந்த வாசனையும் எழும்பியது, பாதி சோறு, பாதி உமி. காலால் கிளறிவிடலாம் என்று வீரமாக இறங்கினேன். இறங்கிய வேகத்திலேயே வெளியே விழுந்தேன்.

"உனக்க அத்தை இதுக்குள்ள அய்யாவுக்க பதியச் சுத்திக் கும்பிடுத மாதிரி நடப்பா. நீ என்னட்டி, சட்டியில போட்ட சோளம் மாதிரி பொரியுத?" என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. குனிந்து நெல்லைப் பரப்பத் தொடங்கினாள். நான் உள்ளே வந்து இந்தத் தாளை எடுத்தேன்.

எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்ப? நீங்கள் போன பிறகு இங்கே ராஜ்ஜியமே மாறிவிட்டது. நீங்கள் திருவிதாங்கூரில் பிறந்து திருக்கொச்சியில் கண்ணை மூடினீர்கள். நாங்கள் இப்போது சென்னை ராஜ்ஜியம். ஓரடிகூட எடுத்து வைக்காமல் ஒரு ராஜ்ஜியத்திலிருந்து இன்னொன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். உங்களுக்கு இது பிடித்திருக்காது. நடக்காமல் போய்ச் சேருகிற எதுவுமே உங்களுக்குப் பிடிக்காதே.

இதேபோல் ஒரு அறுவடையின்போது, அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஆவி பறக்கிற நெல்லுக்குள் நீங்கள் சாவகாசமாக நடந்தீர்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் வாயில் கைவைத்தார்கள். "இது சாதாரணமில்ல கேட்டியா, அருளுல்லா வந்திருக்கு!" என்றாள் ஒருத்தி. மறுநாள் இன்னொருத்தி தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு உங்களிடம் நெற்றியில் இடும் திருநாம மண் வாங்க வந்தாள். நீங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் கொடுத்தீர்கள். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அருளைக் கலைத்தது நான்தான். அன்று மத்தியானம் நீங்கள் பாயில் கண் மூடிக் கிடந்தீர்கள். உள்ளங்கால் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கால்களை ஒரு விரலால் தொட்டால் போதும், நீங்கள் போடும் கூப்பாட்டில் பனையேறுகிறவர்கூடக் கீழே எட்டிப் பார்ப்பார். காக்கைச் சிறகு ஒன்றை எடுத்து மெதுவாக இழுத்தேன். அசைவில்லை. ஈர்க்குச்சியை எடுத்தேன். அதற்கும் அசைவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"என்னட்டி செய்யுத அங்க?"

"கிச்சுக்கிச்சு மூட்டுகேன்."

"எங்க?"

அத்தை, அந்த 'எங்க' என்னை உலுக்கிவிட்டது. ஈர்க்குச்சியைக் கீழே போட்டேன். குனிந்து பார்த்தேன். வலது குதிகாலின் கீழே கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, உள்ளே பச்சைச் சதை தெரிந்தது. நெல் சுட்ட புண். அருளின் அடையாளத்தைப் பாயில் ஈரமாகப் பதித்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாகப் படுத்திருந்தீர்கள்.

அப்பா கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உங்கள் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் கொதிக்கவைத்தார். அது செங்கல் நிறத்துக்கு மாறியது. "நீரிழிவு. ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. காலின் நரம்புகள் மரத்துவிட்டன," என்றார்.

"எங்க அத்தைக்க நாக்கில இல்லாத சர்க்கரை, இதுலயா இருக்கு?" என்று நான் கேட்டதற்கு அப்பா என் தலையில் குட்டினார். டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: புண் ஆறும்வரை படுக்கை. ஆறிய பிறகு நடக்கலாம், நடப்பது நல்லது. ஆனால் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. சாயங்காலம் தவறாமல் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் உடனே நடையை நிறுத்த வேண்டும். இன்னொரு புண் வந்து முற்றினால் காலை எடுக்கும்படி ஆகலாம்.

இத்தனையிலும் அப்பாவின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். வில்வண்டியில் திரும்பி வரும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இனிமே மலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். சோறு கட்டிலுக்கு வரும்."

நீங்கள் வண்டியின் பின்பக்கம் மருந்துவாழ்மலை சிறுத்துக்கொண்டே வந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. கல்யாணமான சுருக்கில் தாலியை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவர் நீங்கள். கிணற்றடிக்கு, வயலுக்கு, கடைக்கு, பேறுகாலத்துக்கு என்று எங்கே போனாலும் அது வேறு யாருக்காகவோ போனதுதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுப் பணிவிடை முடிந்ததும் அந்த மலையில் ஏறுவீர்களே, அது ஒன்றுதான் உங்களுக்காக நீங்கள் நடந்த நடை. அதையும் பிடுங்கிக்கொண்டு சோற்றைக் கட்டிலுக்குக் கொண்டுவருவார்களாம்.

"அத்தே, மருந்து வாழுத மலைக்கு மருந்து குடிக்கவிய போவக்கூடாதுன்னா, பின்ன ஆருதான் போறதாம்?" என்றேன்.

"நான் போவேன் மக்களே. புண்ணு ஆறட்டும்," என்றீர்கள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால்தான் நான் நம்பினேன்.

புண் ஆறியது. உங்களுடைய உள்ளங்காலை நீங்களே பார்ப்பதற்காக அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துத் தரையில் சாய்த்து வைத்துக் காலைத் தூக்கினீர்கள். சரியாக அந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். நம் அய்யா கோயிலான தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கிறது. அதில் தெரிகிற நம்மைப் பார்த்தே கும்பிடுகிறோம். அதனால் அப்பாவுக்கு எந்தக் கண்ணாடியும் வெறும் கண்ணாடி இல்லை. தாங்கலில் கும்பிடும்போது கட்டுகிற தலைப்பாகை இல்லாமல் அதன் முன்னால் நிற்கவே அவர் யோசிப்பார்.

"ஏட்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? கண்ணாடிக்கு உள்ளங்காலக் காட்டுதியா?"

நீங்கள் காலை இறக்கவில்லை. "அண்ணே, தாங்கல்ல கண்ணாடிக்குள்ள தெரியுதது ஆரு?"

"அது... நம்மதான். நமக்குள்ள இருக்கப்பட்ட அய்யா."

"எனக்க மொகத்தில இருக்காவ. எனக்க காலுல மட்டும் இல்லையோ? கழுத்துக்குக் கீழ எறங்க மாட்டாவளோ?"

அப்பா வெளியே போய்விட்டார். சாயங்காலம் வீட்டுக்குள் டொக்டொக்கென்று சத்தம் கேட்டது. உங்கள் கட்டிலின் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், அப்பா ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சமாதானம் பேச அவருக்கு வராது, ஆணி அடிக்க வரும். வீட்டில் இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான் என்பதால், அன்றிலிருந்து அவரும் தரையில் குந்தியிருந்துதான் சவரம் செய்தார். தலைப்பாகையோடு.

அடுத்தது காலுக்குச் சூஸ். நம் ஊரில் டீச்சரைத் தவிர செருப்புப் போடுகிற பெண்பிள்ளையே கிடையாது. நீங்களும் நானும் பஸ் ஏறி மார்த்தாண்டம் சந்தைக்குப் போனோம். பையன்கள் போடுகிற கான்வாஸ் சூஸைக் கைகாட்டினீர்கள்.

"பையனுக்க கால் அளவு எவ்வளவு?" என்றார் கடைக்காரர்.

"எனக்காக்கும்."

"அம்மச்சிக்கா!"

"ஏன், அம்மச்சிமாருக்குக் கால் மொளைக்காதோ?"

இறுக்குகிறதா என்று அவர் கேட்டார். உங்களுக்கு எப்படித் தெரியும்? பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, சூஸின் உள்ளே போட்டுப் பார்த்தோம். காகிதம் மடங்காத சூஸைத்தான் வாங்கினோம். கடைக்காரருக்கு அன்று முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது.

சூஸுக்குள் கல் கிடந்தாலும் உங்கள் காலுக்குத் தெரியாது. அங்கேதான் என் திறமை உங்களுக்குப் பயன்பட்டது. தினமும் விடிந்ததும் நான் சூஸுக்குள் எதையாவது ஒளித்துவைப்பேன். நீங்கள் காலை விடுவதற்கு முன்னால் கையை விட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். புளியங்கொட்டை, உமி, கடியப்பட்டணத்து மீன்காரி கூடையிலிருந்து விழுந்த நெத்திலித் தலை என்று எதையும் விடவில்லை. ஒரு நாள் தவளை. தவளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மன்னித்தீர்கள். ஆனால் கையை விட்டுப் பார்க்காமல் நீங்கள் சூஸ் போட்டதே கிடையாது. உலகத்திலேயே குறும்பு செய்ததற்காகக் காலையில் கருப்பட்டிக் காப்பி பரிசு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு கால்வாய்க்கரையில் நடை. "பாருங்க அத்தே, கால்வாய்க்கு வாய் இருக்கு, உங்க காலுக்குத்தான் வாயில்ல. வலிச்சா சொல்லத் தெரியல," என்றேன். "அதுக்கும் சேத்துத்தான் உனக்கு வச்சிருக்கே," என்றீர்கள். பனைமட்டையில் சறுக்கி விளையாடும் பயல்கள் "சூசம்மா! சூசம்மா!" என்று பின்னால் வந்தார்கள். நீங்கள் திரும்பி நின்று, "பேரு நல்லாருக்குல மக்கா. இன்னும் சத்தமாச் சொல்லு, மலைக்குக் கேக்கட்டும்," என்றீர்கள். மறுநாளிலிருந்து அவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது. உங்கள் கையில் கம்பு, கண் தரையில். கால் சொல்லாததைக் கண்ணும் கம்பும் சொல்லப் பழகின. பொழுது சாய்ந்தால் நடை கிடையாது. இருட்டில் பாதம் எங்கே ஊன்றுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, தள்ளாடுவீர்கள்.

ஒரு முதல் ஞாயிறு, பணிவிடை முடிந்ததும் கிளம்பினோம். அடிவாரத்தில் ஊர்க்காரர்கள் கூடி நின்றார்கள். வம்பு பேச ஒருவர், வேடிக்கை பார்க்க மற்றவர்கள். அப்பா வரவில்லை, ஆனால் விடிவதற்கு முன்பே உங்கள் கம்பின் முனையில் இரும்புப் பூண் ஏறியிருந்தது. மேலே போகப் போகப் பாறைகள் பெரிதாயின. நீங்கள் ஒவ்வொரு கல்லையும் கம்பால் தட்டி, பார்த்து, பிறகே காலை வைத்தீர்கள். எனக்குப் பொறுமை போனது. உங்களுக்குப் போகவில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, "கழத்திப் பாரு," என்றீர்கள்.

கழற்றினேன். இடது கால் பெருவிரலின் கீழே ஒரு சிவப்பு. புளியங்கொட்டை அகலம்தான் இருக்கும். தோல் கிழியவில்லை, சிவந்து மட்டும் இருந்தது.

நான் ஒரு கணம் யோசித்தேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று. உச்சி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஆனால் உங்கள் காலுக்கு வாய் நான்தானே. "சிவந்திருக்கு," என்றேன். உடனேயே, "இன்னும் கொஞ்சந்தான் அத்தே! அன்னா தெரியுதுல்லா! கீழ போனா எல்லாரும் சிரிப்பாவ!" என்று அழுதேன்.

உச்சியை ஒரு தடவை பார்த்தீர்கள். கண் கலங்கியதை நான் பார்த்தேன், மறைக்காதீர்கள். பிறகு முந்தானைத் துணியைக் கிழித்து மடித்து, சிவந்த இடத்தில் வைத்து, சூஸைப் போட்டு, கீழ்நோக்கித் திரும்பினீர்கள்.

"இன்னைக்கு உச்சிக்குப் போனா நாளைக்குக் கட்டிலு. இன்னைக்குத் திரும்புனா அடுத்த மாசமும் மலை. சிரிக்கவிய சிரிக்கட்டும், அவியளுக்க பல்லுதானே."

சிரித்தார்கள். அடிவாரத்திலிருந்து வீடு வரைக்கும் சிரித்தார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, துடைத்து, கண்ணாடிக்குக் காட்டிவிட்டுப் படுத்தீர்கள். சிவப்பு மறையும்வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. மறைந்த மறுநாள் கால்வாய்க்கரையில் நின்றீர்கள்.

அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் பாதி வழியில் மறுபடி சிவப்பு, மறுபடி திரும்பினோம். குலசேகரத்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா கொண்டுவந்த ரப்பர் ஷீட்டை வெட்டி, அந்த விரலுக்கு இடம் விட்டு, சூஸுக்குள் ஒட்டினோம். அதற்குள் ஊருக்குச் சிரித்துச் சலித்துவிட்டது. யாருமே வேடிக்கை பார்க்க வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உச்சியில் போய் நின்றீர்கள். சுற்றிலும் கடல், உப்பளம், பனை, பச்சை வயல். மூச்சு வாங்க, இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"நம்ம வீடு எங்கட்டி?"

"அன்னா, அந்த ரெண்டு தென்னைக்கு நடுவுல."

"உங்க அப்பன் எவ்வளவு சின்னதாத் தெரியுதான் பாத்தியா," என்று சிரித்தீர்கள். அப்பாவே அங்கிருந்து தெரியவில்லை. ஆனாலும் சின்னதாகத்தான் தெரிந்தார்.

அதன் பிறகு எத்தனை தடவை ஏறினோம், எத்தனை தடவை திரும்பினோம், கணக்கு வைக்கவில்லை. போன வருஷ மழைக்காலத்தில் உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுச்சளிக் காய்ச்சல். கால் இல்லை. அதை நான் ஊரெல்லாம் அழுத்திச் சொல்லிவருகிறேன். கடைசியாகக் குளிப்பாட்டும்போது பெண்கள் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்கால் இரண்டையும் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை. ஒரு கீறல் இல்லை. "போலாம் அத்தே," என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இப்போது என் சங்கதி. இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றுவிட்டேன். அல்ஜிப்ராவில் சறுக்கினேன், அடிபட்ட இடம் தெரிகிறது. பெட்டப்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும் என்கிறார் அப்பா. வருகிற மார்ச்சில் மறுபடி எழுதப்போகிறேன். அதிலும் தோற்றால் அடுத்த தடவை. உங்களுக்கு மரத்தது கால். எனக்குக் காது மரத்திருக்கிறது, 'போதும்' என்கிற ஒரு சொல்லுக்கு மட்டும். இதற்கு நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் காலின் வாய்