கீழ்த்தளம்

திருவொற்றியூர்
3.2.2024

அன்புள்ள கமால்,

போனில் பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் வாங்கவில்லை. அதனால்தான் கடிதம்.

இதயம் பலவீனம் என்பது உனக்குத் தெரியும். இப்போது தொடைச் சதையும் கரைகிறது. உன்னோடு ஹார்பரில் மூட்டை தூக்கிய கால் என்றால் எவனும் நம்ப மாட்டான். நாற்காலியில் உட்கார்ந்து எழு, வராண்டாவில் நட, இருக்கிற சதையாவது நிற்கும் என்கிறார் டாக்டர். செய்கிறேன். நான்கு மாடி இறங்கி ஏறத்தான் முடியவில்லை. லிஃப்ட் வைத்த நாளிலிருந்தே ஓடவில்லை. என் வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு ஏறி வரும்போது பார்க்கச் சகிக்கவில்லை.

நோயாளிகளுக்கு ஹவுசிங் போர்டில் கீழ்த்தள வீடு மாற்றித் தருவார்களாம். ஆபீசுக்கு நேரில் வந்து கேட்க வேண்டுமாம்.

உன் கிருஷ்ணப்பன்

தண்டையார்பேட்டை
10.2.2024

மாமு,

படித்துவிட்டு என் பெண்டாட்டி கௌசர் அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இறங்க முடியாதவன் இறங்கி வந்து, இறங்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். எந்த மேதை போட்ட சட்டம் அது?

நம் பசங்களைக் கூட்டி வருகிறேன். நாற்காலியோடு தூக்கிப் போய் ஆபீசர் முன்னால் வைக்கிறோம். நீ முனகினால் போதும். வெட்கப்படாதே.

கமால்

திருவொற்றியூர்
9.4.2024

அன்புள்ள கமால்,

கோபித்துக்கொள்ளாதே. உனக்குச் சொல்லாமல் நேற்றுப் போய்விட்டேன். பயிற்சி வீண் போகவில்லை. மாடிக்கு மாடி உட்கார்ந்து இறங்கினேன். ஆயுசு முழுக்கத் தூக்கியவனை இன்னொருத்தன் தூக்குவதா?

ஆபீசர் மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தானே நடந்து வர்றீங்க? கீழ் வீடு படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குத்தான்."

கூட வந்த வரலட்சுமி சும்மா இருப்பாளா? "இன்னா சார், எம் புருசன் செத்தாத்தான் கீழ எறக்குவியா?" என்று கத்தினாள். வெளியே அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் ஏற ஆரம்பித்தேன். வீடு சேரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

கிருஷ்ணப்பன்

தண்டையார்பேட்டை
15.4.2024

மாமு,

உன் ரோஷத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடு. விசாரித்துவிட்டேன். ஆவணியில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அதுவரை நாற்காலிப் பயிற்சி வேண்டாம், வராண்டா வேண்டாம். கட்டிலிலேயே கிட. அவர்களுக்குப் படுத்தவன்தானே வேண்டும், படுத்துக் காட்டு. வீடு கைக்கு வந்ததும் எழுந்து நடந்துகொள். நடக்கிறவனுக்கு வீடு இல்லை என்கிற ஊரில் டாக்டர் பேச்சைக் கேட்டு என்ன செய்யப் போகிறாய்?

கமால்

திருவொற்றியூர்
6.9.2024

அன்புள்ள கமால்,

கீழ்த்தளம் கிடைத்துவிட்டது.

நீ சொன்னபடி இத்தனை மாதமும் கட்டிலிலேயே கிடந்தேன். பார்க்க வந்தவர் எழுந்து நிற்கச் சொன்னார். முடியாதவன் மாதிரி நடிக்கத்தான் இருந்தேன். திடீரென்று எனக்கே பயம் வந்து நிஜமாகவே எழுந்து பார்த்தேன். முட்டி மடங்கி விழுந்துவிட்டேன். "போதும் போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதோடு நடை நின்றுவிட்டது. டாக்டர் திட்டினார். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு போன சதையை மீட்பது கஷ்டம் என்கிறார். உன் மேல் கோபமில்லை. படுத்தது நான்தான்.

பக்கத்து வீட்டுப் பையன்கள் போர்வையில் வைத்து இறக்கினார்கள். இங்கே வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. கதவைத் திறந்தால் தெரு. வரலட்சுமி கட்டிலைக் கதவோரம் போட்டிருக்கிறாள். போகிறவர்களெல்லாம் "இன்னா நைனா, எப்பிடி கீற?" என்று கேட்கிறார்கள். படுத்தபடியே கையை ஆட்டுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. வந்து பார்.

கிருஷ்ணப்பன்