ஹாங்காங்கில் கடுக்காய்

செவ்வாய். தீபாவளிக்கு மறுநாள். வெயில்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன வருஷம் வீட்டுக்காரி போனாள். அதற்கு அடுத்து கொரோனா. அது அடங்கி, எங்கள் பக்கம் சாராயம் குடித்துக் கொத்தாகச் செத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் இது. இது எந்த வருஷம் என்று டாக்டரம்மா கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். நம்பராகச் சொல்ல வேண்டுமாம். நம்பர் எனக்கு எங்கே தெரியும். தப்பு.

மகள் செல்வி போனைக் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறாள். தாலி மாதிரி. மைக் படத்தை அமுக்கிப் பேசினால் எழுத்தாக விழுகிறதாம். தினம் நடந்ததைச் சொல்லி வை, ஞாபகத்துக்கு நல்லது என்று டாக்டரம்மா உத்தரவு. நான் கைநாட்டு. என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. "நான் படிக்க மாட்டேம்பா, சத்தியமா" என்றாள் செல்வி. படித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

போன வாரம் கேட்டவை: வருஷம். எத்தனையாவது மாடியில் குடியிருக்கிறாய். ஒரு கடிகாரம் வரைந்து காட்டு.

பேனாவை ஏர் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். வட்டம் அடை மாதிரி வந்தது. முள்ளை எங்கே வைப்பது. மூன்றும் தப்பு. தலையில் கோளாறு இருக்கலாமாம். அடுத்த புதன் மறுபடியும் பரீட்சை.

தலை சரி என்றால் தை மாதம் ஊருக்கு, கச்சிராயபாளையம். சரியில்லை என்றால் இங்கேயே, மகள் வீட்டில். தனியாக விட மாட்டாளாம். தையில்தான் மலையில் கடுக்காய் உதிரும். சடையன் காத்திருப்பான். அவன் வெள்ளிமலைக்காரன். மீசை முளைக்காத காலத்துச் சிநேகம். நல்ல நாளும் அதுவுமாய் நேற்று அவனுக்குப் போன் போடச் சொன்னேன்.

"மலையில டவர் இல்லப்பா."

ஆவணியிலும் டவர் இல்லை.


புதன். காற்று. வேட்டி நிற்கவில்லை.

ஐப்பசியில் மழை இல்லாத ஊர். சித்திரையில் வந்தேன், இன்னும் திசை பிடிபடவில்லை. சூரியனைப் பார்த்துத் திசை சொல்லலாம் என்றால் கட்டிடம் மறைக்கிறது. கண்ணாடிச் சுவரில் இன்னொரு சூரியன். எது நிஜம்.

தெருமுனை வரை தனியாகப் போக அனுமதி. வழியை மூக்கால் பிடித்து வைத்திருக்கிறேன். வாசலில் சோப்பு வாசம். பிறகு வறுத்த வாத்து, கழுத்தோடு தொங்குகிறது. பிறகு கசாயக்கடை, பித்தளை அண்டா. பிறகு ஒன்றுமில்லை, பேங்க். திரும்பும்போது தலைகீழ்.

கசாயம் ஒரு கிண்ணம் குடித்தேன். நிலவேம்பே தோற்றது. கடைக்காரன் என் முகத்தைப் பார்த்து மிட்டாய் ஒன்று கொடுத்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இன்னொரு கிண்ணம் ஊற்றிவிட்டான். குடித்தேன்.

கீழே நின்று மாடியை எண்ணினேன். எங்கள் கொடியில் செல்வியின் பச்சை நைட்டி காய்கிறது, அதுதான் அடையாளம். தரையை விட்டுப் பதினாலு. மூன்று தடவை எண்ணினேன், கழுத்து பிடித்துக்கொண்டது. செல்வி பதினேழு என்கிறாள். டாக்டரிடம் பதினாலு என்றுதான் சொன்னேன்.

மூன்று மாடி எங்கே போயிற்று.


வெள்ளி.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. யாரும் கேட்கவில்லையே.

பேங்கைத் தாண்டிப் போய்விட்டேன். தப்பு என்று தெரியும். வாசம் இழுத்தது. கடலூர்க் கருவாட்டு வாசம் முதலில். தெரு முழுக்கக் காய்ந்த சாமான். பார்த்தவை: மீன் வயிறு, அப்பளம் மாதிரி பொரிந்தது. நட்சத்திர மீன். பல்லியைக் குச்சியில் விரித்துக் கட்டி. மான்கொம்பு. காளான், என் தலை அளவு. ஒன்றும் புரியவில்லை. சாப்பிடவா, கும்பிடவா.

அப்புறம் ஒரு மருந்துக்கடை. கண்ணாடி ஜாடி வரிசை. இரண்டாம் வரிசையில் கடுக்காய்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கடுக்காய்தான். ஐந்து வரி, பழுப்பு. என் முதுகு ஏறிய கடுக்காய். இங்கே எப்படி வந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே ஒரு நிமிஷம் தெரியவில்லை. கள்ளக்குறிச்சி மண்டித் தெருவா.

கை தானாகப் போனது. மண்டியில் ஒரு காயைக் கேட்டு எடுக்கக் கூடாது. கேட்டால் சரக்கின் மேல் சந்தேகம் என்று அர்த்தம், வியாபாரிக்கு அவமானம். பேசாமல் எடுக்க வேண்டும். உள்ளங்கையில் தூக்கிப் போட்டுக் கனம் பார்க்க வேண்டும். காதோரம் ஆட்ட வேண்டும், சத்தம் வரக் கூடாது. தராசுப் படிக்கல்லால் ஒரே தட்டு. உள்ளே மஞ்சள் என்றால் நல்லது. கறுப்பு என்றால் மழையில் நனைந்தது.

ஜாடியைத் திறந்தேன், எடுத்தேன், ஆட்டினேன். தராசுப் பக்கத்தில் இருந்த பித்தளைக் கல்லால் தட்டினேன். கறுப்பு. வாயில் போட்டு மென்று பார்த்து, "நனைஞ்ச சரக்கும்மா" என்று கடைக்காரியிடம் சொன்னேன்.

என் வயசு இருக்கும் அவளுக்கு. போட்டாள் ஒரு சத்தம். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. கூட்டம். யாரோ என் கழுத்துப் போனை எடுத்து ஒரு படத்தை அமுக்க, செல்வி ஓடி வந்தாள், ஆபீசை விட்டு.

"எங்கப்பா போய்க்கினு இருந்த? பேங்க்க தாண்டாதன்னு சொன்னனா இல்லையா?"

"கடுக்கா இருந்துச்சு."

"இருந்தா? எடுத்து ஒடைச்சி வாயில போட்டுக்குவியா? திருடன்னு புடிச்சிக் குடுத்தா இன்னா பண்ணுவ?"

"கேட்டு எடுத்தா அந்தம்மாவுக்குத்தான் அசிங்கம்."

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் என்றால் தாங்குவேன். பயந்து பார்த்தாள்.

இதையும் டாக்டரிடம் சொல்லப்போகிறாள்.


சனி. மேகம், மழை இல்லை.

வெளியே போகவில்லை. கதவில் புதுப் பூட்டு, நம்பர் அமுக்குகிற வகை.

காலையில் மருமகன் வாங்கி வந்த கொழுக்கட்டை. மாவு கண்ணாடி மாதிரி, உள்ளே இறால் தெரிகிறது. வெல்லம் இல்லாத கொழுக்கட்டையைக் கொழுக்கட்டை என்று சொல்லலாமா. ஆறு தின்றேன்.

மாடிக் கணக்கை மருமகனிடம் கேட்டேன். விரலை மடக்கி எண்ணிவிட்டுச் சிரித்தான்.

"மாமா, நீங்க சொல்றதுதாங்க சரி. இங்க நாலாவது மாடி, பதிமூணு, பதினாலு, மூணும் கெடையாது. அந்த நம்பருங்க ஆவாதுன்னு உட்டுட்டு மேல எண்ணிடுவாங்க."

"அப்ப எனக்கு இன்னாத்துக்குத் தப்பு போட்டாங்க?"

"லிஃப்ட்ல எழுதி இருக்கறதுதாங்க மாமா கணக்கு."

இருப்பதை எண்ணினால் தப்பு. இல்லாததையும் சேர்த்துச் சொன்னால் சரி. நல்ல பரீட்சை.

சடையனுக்குப் போன் கேட்டேன். மருமகன் செல்வியைப் பார்த்தான். செல்வி அடுப்பைப் பார்த்தாள். டவர் இல்லை.


திங்கள்.

செல்வி லீவு போட்டு என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனாள், மன்னிப்புக் கேட்க. போகிற வழியில் கேட்டேன், ஏன் இன்னொரு தரம் அசிங்கம். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடைக்காரி என்னைக் கண்டதும் படிக்கல்லை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். செல்வி இங்கிலீஷில் என்னமோ நிறையச் சொன்னாள். கையால் மலை காட்டினாள், மூட்டை காட்டினாள், என் முதுகைக் காட்டினாள். கிழவி உள்ளே போய் வேறொரு ஜாடி கொண்டுவந்து வைத்தாள். படிக்கல்லையும் பழைய இடத்தில் வைத்தாள்.

ஆட்டினேன். சத்தமில்லை. தட்டினேன். மஞ்சள்.

"இது நல்ல சரக்கு."

செல்வி சொல்லாமலே கிழவிக்குப் புரிந்தது. பழைய ஜாடியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் விற்றிருக்கிறாள். எல்லா ஊரும் மண்டித் தெருதான்.

எங்கள் மலைக் காயா என்று கேட்கச் சொன்னேன். எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியாதாம். ஒரு காய் கொடுத்தாள். மடியில் இருக்கிறது. சடையனிடம் காட்டினால் எந்தச் சரிவுக் காய் என்று சொல்லிவிடுவான்.


புதன். பரீட்சை. நல்ல வெயில்.

ஆஸ்பத்திரிக்கு டிராமில் போனோம். மேல்தட்டு. கடைப்பலகைகள் மூக்கில் இடிக்கிற மாதிரி வந்து விலகின.

டாக்டரம்மா சின்னப் பெண், தலைமுடி ஆண்பிள்ளை மாதிரி. அவள் கேட்பதைச் செல்வி தமிழில் சொல்வாள், நான் சொல்வதை இங்கிலீஷில் சொல்வாள். முதலில் மாடி. பதினேழு என்றேன். சரியாம். வெட்கமாக இருந்தது.

கடிகாரம் இந்தத் தடவை இல்லை. எழுதப் படிக்காதவருக்கு வேறு மாதிரி கேட்கலாம் என்றாளாம். பழைய சங்கதி ஒன்று சொல்லுங்கள். யார் யார் கூட இருந்தார்கள், இப்போது என்ன ஆனார்கள், வரிசையாக.

மடியில் காய் இருந்தது. சொன்னேன்.

மலைக்கு ரோடு போடாத காலம். வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் மூட்டை முதுகுச்சுமை. ஆறு பேர். அட்டைக்குப் புகையிலைத் தண்ணி பூசிக்கொண்டு இறங்குவோம். முன்னால் முனியன், அவன் பாட்டுக்குத்தான் கால் வைப்போம். பச்சையப்பன், கோவிந்தன், ஏழுமலை. ஐந்தாவது கலியன், நான். கடைசியில் சடையன், எவன் மூட்டை ஒழுகினாலும் பொறுக்கிக்கொண்டே வருவான்.

முனியன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து போனான், செல்வி பிறந்த வருஷம். பச்சையப்பன் கரும்பு வெட்டும்போது பாம்பு. கோவிந்தன் மகள் கல்யாணத்தன்று விடியற்காலை, மாப்பிள்ளை அழைப்பு முடிந்து மார்வலி. ஏழுமலை கொரோனாவில். முகம் காட்டவில்லை. பிளாஸ்டிக்கைப் பார்த்துக் கும்பிட்டோம்.

"நாலு பேரு போயாச்சு. மீதி ரெண்டு பேரு. நானு, சடையன்."

செல்வி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். டாக்டரம்மா என்னமோ கேட்டாள், இதெல்லாம் சரியா என்று கேட்டிருக்க வேண்டும். செல்வி தரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். டாக்டரம்மா பேனாவால் ஒரு கோடு போட்டாள். போன தடவை தப்புக்குப் போட்ட அதே கோடு.

எங்கே தப்பு. வெளியே வந்து விரல் விட்டு எண்ணினேன். ஆறு சரி. நாலு சரி.

டிராம் மேல்தட்டு. மூன்று நிறுத்தம் தாண்டியது. பிறகு செல்வி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சடையன் மாமா ஆடியிலயே போய்ட்டாருப்பா. தூக்கத்துல. சொன்னா அப்பவே போவணும்ப. போனா திரும்பி வர மாட்ட. அதான் டவர் இல்லன்னேன்."

ஆடி. ஐப்பசி இது. மூன்று மாதம் அவனை உயிரோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"டாக்டர்கிட்ட இன்னா சொன்ன?"

"ஒருத்தரு தப்புன்னேன். நீ சொன்னதுல ஒண்ணுமே தப்பில்லப்பா. என்னாலதான் தப்பாச்சு."

மணியை அமுக்கினாள். இறங்கினோம். எதிர் டிராமுக்குக்கூட நிற்கவில்லை, நடந்தே ஆஸ்பத்திரி. அவள் முன்னால், நான் பின்னால். டாக்டரம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள். செல்வி அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா பையைக் கழற்றி வைத்தாள். உட்கார்ந்தாள். தாளை எடுத்தாள். என்னைப் பார்த்து மெதுவாக ஒன்று கேட்டாள். செல்வியால் உடனே தமிழில் சொல்ல முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த ஆறு பேர்ல இப்ப யாருப்பா இருக்காங்க?"

மடியில் இருந்த காயை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

கலியன். கச்சிராயபாளையம் கலியன் ஒருத்தன்.